கணினியில் இசை செய்ய எந்த வாத்தியம் கற்கலாம்?

மும்பை மாட்டுங்காவில் நடந்த தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்

எல்லோருக்கும் வணக்கம்.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு பிள்ளை பாட்டில் ஆர்வம் காட்டினால், அடுத்த விஜயதசமிக்கு வாய்ப்பாட்டோ மிருதங்கமோ வயலினோ சேர்த்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இப்போது அதே பிள்ளை மடிக்கணினியில் எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் போன்ற இசை மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, "எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணணும், எந்த இன்ஸ்ட்ருமென்ட் கத்துக்கட்டும்?" என்று கேட்கிறது. சில பெற்றோர், "எல்லாத்தையும் கம்ப்யூட்டரே வாசிச்சிடுமே, கிளாஸ் எதுக்கு?" என்கிறார்கள். வாசிப்பது கணினிதான், ஆனால் எதை வாசிக்க வேண்டும் என்று யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டுமே.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டு கற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பாட்டோ வேறு வாத்தியமோ கற்றுக்கொண்டிருந்தால், கீபோர்டுக்காக அதை நிறுத்திவிடாதீர்கள்.

கீபோர்டு ஏன்? 1983-ல் மிடி என்ற பொதுமொழி வந்தது. அதுவரை ஒரு கம்பெனியின் சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி, இன்னொரு கம்பெனியின் சிந்தசைசரோடு பேசுவது பெரும்பாடு. மிடி வழியாகப் போவது ஒலியே இல்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, பெரும்பாலும் இவ்வளவுதான் போகிறது. வேகத்துக்கு 127 வரை எண். கீபோர்டின் நடுவில் உள்ள சி என்ற சுரத்துக்கு எண் 60. அந்த மொழியே கீபோர்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். இன்றைக்கும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் சுரங்களை எழுதும் திரையின் இடது ஓரத்தில் பியானோ கட்டைகள் நிமிர்ந்து நிற்கும். கட்டைகள் கைக்குப் பழகியிருந்தால் அந்தத் திரை தானாகப் புரியும்.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம். ஒரு கட்டை என்று நாம் சொல்லும் சி-யை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் சங்கராபரணம். மத்தியமத்தை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு மாற்றினால் கல்யாணி. சி, டி, ஈ, ஜி, ஏ, இந்த ஐந்தும் மோகனம். சரளி வரிசை பாடிய பிள்ளை முதல் நாளே மாயாமாளவகௌளையைக் கட்டைகளில் தேடிக் கண்டுபிடித்துவிடும். தேட விடுங்கள், நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

சரி, கீபோர்டில் வராதது எது? கமகம், அதாவது சுரத்தை ஆட்டி அசைத்துப் பாடுவது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி-க்கும் ஈ-க்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை அது. அதைச் சும்மா அழுத்திப் பிடித்தால் அது தோடியே இல்லை. பாடுகிறவர் அந்தக் காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆட்டுகிறார். இப்போது கீபோர்டின் இடது ஓரத்தில் பிட்ச் வீல் என்று ஒரு சக்கரம் இருக்கிறது பாருங்கள். பெரும்பாலான சிந்தசைசர்களில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் நகரும்படி வைத்திருப்பார்கள். அந்தக் கறுப்புக் கட்டையை வலது கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முழுக்க இறக்கினால் தோடியின் ரிஷபம். முழுக்க ஏற்றினால் மத்தியமம். காந்தாரம் ஆட வேண்டிய இடம் மொத்தமும் இடது கைக்குள் இருக்கிறது! ஆனால் எவ்வளவு ஆட்டுவது, எந்த இடத்தில் தாமதிப்பது என்பதைச் சக்கரம் சொல்லித் தராது. அது பாட்டு வகுப்பில்தான் வரும். பாட்டை நிறுத்தாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த மும்பையிலேயே இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. ஹிந்தி சினிமாப் பாடல்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவுசெய்தார், அது இசைத்தட்டாக வந்தது. கையில் இருந்தவை ஜூபிட்டர்-8, டிஆர்-808, டிபி-303 என்ற மூன்று மின்னணுக் கருவிகள், மூன்றும் ரோலண்ட் கம்பெனியுடையவை. 303 என்பது கிட்டார் பயிற்சி செய்கிறவர்களுக்குத் துணையாக பேஸ், அதாவது கீழ்ச்சுரங்கள், வாசிக்கச் செய்த சின்னப் பெட்டி. அந்த வேலைக்கு அது சரிப்படாமல் சில வருடங்களிலேயே தயாரிப்பு நின்றுபோனது. பிறகு சிகாகோ இளைஞர்கள் அதைக் கையில் எடுத்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைப் பாணியையே உண்டாக்கினார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பே அந்தப் பெட்டியில் ராகத்தைக் கேட்டவர் சரண்ஜித் சிங். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி அதில் உண்டு. காசு கொடுத்த யாருக்கும் அதே பெட்டி கிடைத்திருக்கும். அந்த வழுக்கலை ராகத்துக்குப் பயன்படுத்த அவருடைய காது வேண்டியிருந்தது.

ஏ. ஆர். ரஹ்மான் வாசிக்கும் கன்டினுவம் என்ற கருவியில் கட்டைகளே கிடையாது, விரலை நகர்த்தினால் சுரமும் நகரும். அருமையான கருவி, விலையோ லட்சங்களில். ஆரம்பிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு வருகிறேன். அடிகளைக் கட்டம் கட்டமாக வைத்துத் தாளம் அமைக்கும் டிரம் மெஷின்களில் பெரும்பாலும் 16 கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஆதி தாளம் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு என்று வைத்தால் 32. அதாவது இரண்டு வரிசை. பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். வரிசையின் நீளத்தை 14 ஆகக் குறையுங்கள். "தகிட தக திமி" என்று சொல்லிக்கொண்டே 1, 7, 11-ஆம் கட்டங்களில் கிக்கை, அதாவது பெரிய டிரம் அடியை, வையுங்கள். ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபு தாளம் வந்துவிட்டது. மேற்கத்திய நடன இசை செய்கிறவர் கணக்குப் போட்டுத் திணறும் இடம் இது. நம் பிள்ளைக்கு வாயிலேயே இருக்கிறது. குவான்டைஸ் என்று ஒரு வசதி உண்டு, வாசித்த அடிகளையெல்லாம் கோட்டுக்கு நேராக இழுத்து நிறுத்திவிடும். மிருதங்கம் படித்தவர்கள் அதை முழுக்கப் போடாதீர்கள். நீங்கள் பழகிய நடையே அதில் அடிபட்டுப் போகும்.

வயலின்காரர்களுக்கு ஒரே வார்த்தை. வயலின் ஒலியை மிடியாக மாற்றும் மென்பொருள்கள் கமகம் வந்தால் தடுமாறும். நல்ல மைக் வைத்து ஒலியாகவே பதிவுசெய்து, பதிந்த ஒலிகளை வாத்தியம்போல வாசிக்க உதவும் சாம்ப்ளரில் போட்டு வேலை செய்யுங்கள்.

அப்புறம், எதை வாங்குவது? உடனே எதையும் வாங்காதீர்கள். ஏபிள்டன், கேரேஜ்பேண்ட் போன்றவற்றில் கணினியின் ஏ, எஸ், டி, எஃப் எழுத்துகளே வெள்ளைக் கட்டைகளாக வேலை செய்யும். கொஞ்ச நாள் அதில் விளையாடட்டும். ஆசை நிலைத்தால் 49 கட்டை உள்ள மிடி கீபோர்டு போதும். அழுத்தும் வேகத்தை உணர்கிறதா, கட்டைகள் சாதாரண அகலமா, பெடல் சொருக இடம் உண்டா, இந்த மூன்றையும் கடையிலேயே பாருங்கள். குட்டிக் கட்டை வைத்தவை லோக்கல் ரயிலில் எடுத்துப்போக வசதிதான். ஆனால் விரல் அளவு பழகும் வயதில் வேண்டாம். வீட்டில் தாளங்களோடு வரும் பழைய கீபோர்டு இருந்து, அதில் யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு மிடி அனுப்பும் வசதி இருந்தால் புதிதே தேவையில்லை. தானாகத் தாளம் போடும் பட்டனை மட்டும் பிள்ளை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புளூடூத் ஹெட்போனில் வாசிக்கவே கூடாது. பெரும்பாலானவற்றில் அழுத்திய பிறகு பத்தில் ஒரு விநாடிக்கு மேல் தாமதித்துத்தான் ஒலி வரும். பிள்ளைக்குத் தாளம் இல்லை என்று வீட்டில் முடிவே கட்டிவிடுவார்கள். ஒயர் வைத்ததை வாங்குங்கள். நம் ஃபிளாட்களில் பக்கத்து வீட்டாருக்கும் அதுதான் நல்லது.

எந்த வாத்தியமும் தொட்டதில்லை, வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது என்று முன்வரிசையில் இருவர் சொன்னார்கள். உங்களுக்கும் கீபோர்டுதான். தோன்றிய மெட்டை முதலில் வாய்விட்டுப் பாடி ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதைக் கட்டைகளில் தேடுங்கள். நேராகக் கட்டைகளில் தொடங்கினால் விரலுக்குச் சுலபமானதைத்தான் வாசிப்பீர்கள், மனத்தில் இருந்தது வராது. கட்டைகளுக்கு நடுவே ஏதோ விடுபடுகிறது என்று பட்டால் அங்கே சக்கரத்தைத் தொடுங்கள்.

கீபோர்டு இங்கேயே இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் மேடைக்கு வந்து வாசித்துப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.