மேலே மாடி கட்டினால் கீழ்வீடு இறங்கிவிடுமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், நல்ல வெயில் அடிக்கிற சனிக்கிழமையில் ஏரிக்கரையை விட்டுவிட்டு இந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் மியூனிக் தமிழர்களுக்கும் வணக்கம். எதிரணி நண்பருக்குத் தனியாக ஒரு வணக்கம். அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

தலைப்பு இதுதான்: பவேரியாவின் அமெச்சூர் கால்பந்து லீக்கான பயர்ன்லிகாவின் எண்பது ஆண்டு வரலாறு வளர்ந்த கதையா, தேய்ந்த கதையா? தேய்ந்த கதை என்று நண்பர் பேசிவிட்டுப் போனார். அழகாகப் பேசினார், கணக்கும் சரியாகத்தான் சொன்னார். 1945இல் தொடங்கியபோது இரண்டாம் படி. 1950இல் மேலே ஒரு லீக் வந்ததால் மூன்றாம் படி. 1994இல் ரீஜியோனல்லிகா என்ற வட்டார லீக் மேலே வந்தது, நான்காம் படி. 2008இல் தேசிய மூன்றாம் லீக் வந்தது, ஐந்தாம் படி. 2012இல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகவும் பிளந்துவிட்டார்கள். “இதற்குப் பெயர் வளர்ச்சியா?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஐயா, ஒரு சின்னக் கேள்வி. நான் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் எனக்கு மேலே மூன்று மாடி கட்டிவிட்டார். இப்போது நான் கீழே இறங்கிவிட்டேனா? என் வாசல் அங்கேயேதான் இருக்கிறது, முருங்கை மரமும் அங்கேயேதான் இருக்கிறது. மாடியில் நின்று எண்ணுகிறவருக்கு நான் நான்காவது ஆள். தெருவில் நின்று எண்ணுகிறவருக்கு நான்தான் முதல் வீடு. நண்பர் மாடியில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்த ‘இரண்டாம் படி’ எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1945 நவம்பர் 4. போர் முடிந்து ஆறு மாதம். அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்த தெற்கு ஜெர்மனியில் ஓபர்லிகா என்ற முதல் நிலை லீக் அன்றுதான் தொடங்கியது. அதற்குக் கீழே பவேரியாவுக்கென்று லாண்டஸ்லிகா ஒன்று. அதுதான் நம் கதாநாயகி. நகரமெல்லாம் செங்கல் குவியல், ரயில் ஓடினால் அதிசயம். அப்போது மேல்படி, கீழ்படி என்று என்ன பெரிய வித்தியாசம்? 1948க்குப் பிறகு ஒப்பந்த ஆட்டக்காரர் என்ற முறை வந்தபோதும், முதல் நிலை ஆட்டக்காரருக்கே மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 320 மார்க். அவரும் காலையில் பட்டறைக்கோ கடைக்கோ போய்விட்டுத்தான் சாயங்காலம் பந்தைத் தொட்டார். 1963இல் புண்டஸ்லிகா என்ற தேசிய முதல் நிலை லீக் வரும்வரைக்கும் இதுதான் நிலைமை. எல்லோரும் தரையில் நின்ற காலத்தில் ‘நான் இரண்டாம் படியில் நின்றேன்’ என்று பெருமை பேசுவது, பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன் என்பது போலத்தான். சாப்பாடு ஒரே சாப்பாடு.

அடுத்து நண்பரின் பெரிய ஆயுதம், ‘1860 மியூனிக்’ என்ற அணி. “தேசிய சாம்பியனாக இருந்த அணி ஒன்பது வருஷம் இந்த லீக்கில் அழுகிக் கிடந்தது” என்றார். அழுகியதா? அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள் ஐயா!

நீலச் சட்டைச் சிங்கங்கள். 1965இல் லண்டன் வெம்ப்ளியில், கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஆடியவர்கள். 1966இல் புண்டஸ்லிகா சாம்பியன். அப்புறம் 1982க்கு வாருங்கள். இரண்டாம் புண்டஸ்லிகாவில் ரூடி ஃபோலர் என்ற இளைஞர் அந்த ஒரு சீசனில் மட்டும் 37 கோல் அடிக்கிறார். அணி நான்காம் இடம். ஆனால் கஜானாவில் ஒன்றும் இல்லை. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் லைசென்ஸ் தர மறுத்துவிட்டது. ஃபோலர் பிரேமனுக்குப் போனார், அணி பயர்ன்லிகாவுக்கு வந்தது. கெட்டும் பட்டணம் சேர் என்பது நம் ஊர்ப் பழமொழி. இவர்கள் பட்டணத்தில் கெட்டு, பட்டிக்காடு சேர்ந்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். வெம்ப்ளி பார்த்த சட்டை, தக்காளித் தோட்டத்தை ஒட்டிய மைதானத்துக்கு வந்து நிற்கிறது. சின்ன ஊர்க் கிளப்புக்கு அது திருவிழா. மறுவருஷம், 1983இல், ஃபியூர்த்தும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டது. 1914, 1926, 1929 என்று மூன்று முறை ஜெர்மன் சாம்பியனான ஃபியூர்த்! இரண்டு முன்னாள் தேசிய சாம்பியன்கள் ஒரு மாநில அமெச்சூர் லீக்கில் மோதிக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பெயர் தேய்மானமா? தேய்ந்தது அந்தக் கிளப்புகளின் பாக்கெட். லீக் அவர்களுக்குப் பாய் விரித்துப் போட்டது.

அதுவும் சும்மா விரிக்கவில்லை. முன்னாள் ராஜா என்பதற்காக யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1984இல் 1860 இந்த லீக்கை வென்றது. வென்றும், மேலே போவதற்கான தகுதிச் சுற்றில் கோட்டை விட்டது. அப்புறம் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1991இல் கார்ஸ்டன் வெட்பெர்க் என்ற பயிற்சியாளர் கரையேற்றினார். அந்த அணியின் சொந்தப் பேட்டையான மியூனிக்கின் கீசிங் பகுதியில் அவருக்கு இன்றைக்கும் ‘கீசிங்கின் ராஜா’ என்றுதான் பட்டம். புண்டஸ்லிகா கோப்பையை ஒருமுறைகூடத் தொடாத மனிதருக்கு ராஜா பட்டம் வாங்கிக் கொடுத்த லீக் இது. 1992இல் மறுபடி இறங்கி, 1993இல் மறுபடி ஏறி, 1994இல் புண்டஸ்லிகாவுக்கே போய்விட்டார்கள். பயர்ன்லிகாவிலிருந்து புண்டஸ்லிகாவுக்கு இரண்டே தாவல்.

ஆக்ஸ்பர்க்கை நண்பர் தொடவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். 1973இல் இந்த லீக்கை வென்று மேலே போன கையோடு, இத்தாலியின் யுவென்டஸிலிருந்து ஹெல்முட் ஹாலர் தன் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து அந்த அணியில் ஆடினார். 1966 உலகக் கோப்பை இறுதியில் முதல் கோல் அடித்து, ஆட்டம் முடிந்ததும் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாரே, அதே ஹாலர். (அந்தப் பந்தை இங்கிலாந்துக்காரர்கள் திரும்ப வாங்க முப்பது வருஷம் ஆனது. கொடுத்த கடன்கூட இவ்வளவு இழுக்காது.) சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2000இல் ஆக்ஸ்பர்க்குக்கும் லைசென்ஸ் போனது. எங்கே வந்து விழுந்தது? இந்த லீக்கில்தான். 2002இல் வென்று எழுந்தது. 2006இல் இரண்டாம் புண்டஸ்லிகா, 2011இல் புண்டஸ்லிகா. அன்றைக்குப் போன அணி இன்னும் கீழே வரவில்லை.

மணியில் கை வைக்காதீர்கள் ஐயா, ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கே அரை நிமிஷம் ஆகும். ஃபெஸ்டன்பெர்க்ஸ்கிராய்த். ஜனத்தொகை ஆயிரத்துச் சில நூறு. தேயிலை, மூலிகை வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அந்த ஊர் அணி 1980களின் பிற்பகுதியில் பயர்ன்லிகாவுக்கு ஏறி வந்து, 1994 வரை அங்கேதான் ஆடியது. 1994 ஆகஸ்ட் 14, ஜெர்மன் கோப்பை முதல் சுற்று. எதிரே பயர்ன் மியூனிக். புதுப் பயிற்சியாளர் திரப்பட்டோனி, கோல்கம்பத்தில் ஆலிவர் கான், களத்தில் லோத்தர் மத்தேயஸ். முதல் பாதி முடிகிற நேரத்தில் ரோலண்ட் ஸ்டைன் தலையால் ஒரு முட்டு முட்டினார். 1-0. அவ்வளவுதான், அதற்குப் பிறகு மியூனிக்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆட்டம் நடந்த அந்த மாதத்தில் கிராமத்து அணி புதிதாகப் பிறந்த ரீஜியோனல்லிகாவுக்குப் போய்விட்டது, அதனால் அந்தப் பெருமை பயர்ன்லிகாவுக்குச் சேராது என்று நண்பர் கிளம்புவார். சில வாரம் முன்பு வரைக்கும் எங்கே ஐயா ஆடிக்கொண்டிருந்தார்கள்? வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வேறு ஊர் போனால் பிள்ளை அந்த ஊர்ப் பிள்ளையாகிவிடுமா?

1996இல் அந்தக் கிராமத்து அணியும் ஃபியூர்த்தும் சேர்ந்து ‘கிராய்தர் ஃபியூர்த்’ ஆயின. ஃபியூர்த்தின் பழைய முத்திரை மூவிலைக் கொத்து. அதோடு கிராமத்தின் மரச்செருப்பு ஒன்றும் சேர்ந்தது. மூன்று முறை தேசிய சாம்பியன், ஒரு கிராமத்துச் செருப்பை நெஞ்சில் குத்திக்கொண்டு இருபது வருஷம் ஆடியது. 2012இல் அந்தச் செருப்போடுதான் புண்டஸ்லிகாவுக்குள் நுழைந்தது. 2017இல் முத்திரையை மாற்றியபோது செருப்பை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

இப்போது 2012க்கு வருகிறேன். “பிளந்துவிட்டார்கள்” என்றாரே நண்பர், அதற்கு. அந்த வருஷம் பவேரியச் சங்கம் என்ன செய்தது? நான்காம் நிலையில் மாநிலத்துக்கென்றே ரீஜியோனல்லிகா பயர்ன் என்று ஒன்றை உண்டாக்கியது. மாநிலம் முழுமைக்கும் ஒரே லீக், ஆடுவது முழுக்க பவேரிய அணிகள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதுதானே பழைய பயர்ன்லிகா? அது ஒரு மாடி மேலே போய்ப் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டது. பழைய பெயரில் கீழே இரண்டு வீடு புதிதாகக் கிடைத்தது. முன்பு சுமார் 18 அணிகளுக்கு இருந்த இடம், மூன்று லீக்கும் சேர்ந்து ஐம்பதைத் தாண்டியது. பாகப்பிரிவினையில் சொத்து மூன்று மடங்கு ஆனதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பிரித்ததில் இன்னொரு நியாயமும் உண்டு. வடமேற்கு மூலையில் ஆஷாஃபன்பர்க், தென்கிழக்கு மூலையில் ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய பூர்க்ஹவுசன். நடுவில் 400 கிலோமீட்டருக்கு மேல். திங்கள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டிய ஆட்டக்காரனை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்க ஆட்டோபானில் ஓட்டிக்கொண்டு போவதா பெருமை?

எல்லாமே சரியாக நடந்தது என்று சாதிக்க நான் வரவில்லை. கொரோனா காலத்தில் மற்ற மாநிலங்கள் 2020இல் சீசனை முடித்துக் கணக்கைக் கட்டியபோது, பவேரியா மட்டும் அதே சீசனை இழுத்தது. 2019 கோடையில் தொடங்கிய சீசன் 2021 வசந்தத்தில், அதுவும் ஆடி முடிக்காமல், ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்து மூடப்பட்டது. மெகா சீரியலுக்கே பொறுமை போய்விடும். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

நம்மைப் போல் வந்து குடியேறியவர்களுக்கும் இந்த லீக்கில் ஒரு பக்கம் உண்டு. 1975இல் இதே ஊரில் துருக்கியக் குடும்பங்கள் தொடங்கிய துர்க்குச்சு மியூனிக், 1980களின் கடைசியில் பயர்ன்லிகாவுக்கு ஏறி, அங்கே 1860ஐயே எதிர்த்து ஆடியது. பின்னாளில் வேறு உருவெடுத்து 2020இல் தேசிய மூன்றாம் லீக் வரை போனது. 2022இல் பணம் தீர்ந்து, சீசன் நடுவிலேயே விலகியது. நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த லீக் கதவைத் திறந்தது. கவிழ்ந்தது எங்கே? மாடியில், பணம் புழங்குகிற தளத்தில்.

உன்டர்ஹாக்கிங்கையும் சொல்லிவிடுகிறேன். மியூனிக்குக்குத் தெற்கே, எஸ்பான் என்ற புறநகர் ரயிலில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. 1980களில் பயர்ன்லிகாவை மறுபடி மறுபடி வென்று, 1989இல் மேலே போன அணி. பத்து வருஷத்தில் புண்டஸ்லிகா. 2000 மே 20, கடைசி நாள் ஆட்டம். லெவர்குசன் அணி வந்து ஒரு டிரா செய்தால் போதும், சாம்பியன். லெவர்குசன் ஆட்டக்காரர் பல்லாக் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். 2-0 என்று உன்டர்ஹாக்கிங் ஜெயித்தது, பட்டம் பயர்ன் மியூனிக்குக்குப் போனது. அந்த வருஷம் சாம்பியன் யார் என்று தீர்மானித்தது யாருடைய பிள்ளை?

கடைசியாக நண்பர் ஒன்று சொன்னார். “இந்த லீக்கை இன்று யார் பார்க்கிறார்கள்?” என்றார். போன மாதம் நான் ஒரு பயர்ன்லிகா ஆட்டத்துக்குப் போனேன். வாசலில் ஒரு மடக்கு மேஜை, சில்லறை போட ஒரு தகரப் பெட்டி. சினிமாக் கொட்டகையில் முன்பு கிழித்துத் தருவார்களே, அந்த மாதிரி ரோலிலிருந்து ஒரு சீட்டு. ஸ்டாண்ட் என்று பார்த்தால் நாலு வரிசை பெஞ்சு, மற்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கோல்கீப்பர் வார்ம்-அப்புக்குத் தாமதமாக ஓடி வந்தார், எலெக்ட்ரீஷியன் பேண்ட்டைக்கூட மாற்றாமல். லைன்ஸ்மேனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் நாயோடு நின்று, ஆஃப்சைடு விதியை அவருக்கு ஆட்டம் முடியும்வரை விளக்கிக்கொண்டே இருந்தார். வறுத்த சாசேஜ் புகை பெனால்டி பெட்டி வரைக்கும் வந்தது.

எனக்கு நாலு ஆள் தள்ளி இன்னொருவர். இடது கையில் சாசேஜ், வலது கையில் கடுகுச் சாஸ். எண்பத்தெட்டாவது நிமிஷம் உள்ளூர் அணி சமன் செய்தபோது இரண்டு கையையும் தூக்கிவிட்டார். சாஸ் முழுக்க முன்னால் நின்றவர் ஜாக்கெட்டில். மன்னிப்பு கேட்டது ஜெர்மனில், அதற்கு முன்னால் கத்தியது சுத்தத் தமிழில்.

நண்பரே, அந்த ஜாக்கெட் சலவைக்குக் காசு கொடுத்துவிட்டீர்களா?

வணக்கம்.