டி செல்லிடமிருந்து ஒளிந்தால் மட்டும் போதுமா?

சரி, அடுத்த கேள்வி. "செல்லின் மேல் தெரியும் புரதத் துண்டுகளைப் பார்த்துத்தான் டி செல் தாக்குகிறது என்றீர்கள். அந்தத் துண்டுகளை வெளியே வரவிடாமல் செய்துவிட்டால் வைரஸும் புற்றுநோய்க் கட்டியும் தப்பித்துவிடுமே?" என்று கேட்டிருக்கிறார்கள். டி செல் என்பது நோயுற்ற செல்களைத் தேடிக் கொல்லும் நோய் எதிர்ப்புச் செல்.

பல வைரஸ்கள் அதைத்தான் செய்கின்றன. செல்லுக்குள் உருவாகும் புரதங்களின் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுவது எம்.ஹெச்.சி. முதல் வகை மூலக்கூறு. ஹெர்பிஸ் வைரஸ் அந்தத் துண்டுகள் எம்.ஹெச்.சி.யிடம் போய்ச் சேரும் வழியை அடைத்துவிடும். அடினோவைரஸ் எம்.ஹெச்.சி.யைச் செல்லுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சைட்டோமெகாலோ வைரஸ் கொஞ்சம் முரடு, அதைச் சிதைத்தே விடும்.

ஆனால் வெறுமனே ஒளிந்தால் வேறு ஆளிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். என்.கே. செல் (இயற்கைக் கொல்லி செல்) என்று இன்னொரு நோய் எதிர்ப்புச் செல் இருக்கிறது. அதைத் தாக்கவிடாமல் அடக்கி வைப்பதில் எம்.ஹெச்.சி.க்குப் பெரிய பங்கு உண்டு. எம்.ஹெச்.சி. காணாமல் போன செல்லைக் கண்டால் அந்தத் தடை நீங்கிவிடும். 1980களில் சுவீடனின் கிளாஸ் கார்ரே சொன்ன கருத்து இது.

இதற்கும் வைரஸ்கள் வழி வைத்திருக்கின்றன. எச்.ஐ.வி.யின் நெஃப் புரதம் எம்.ஹெச்.சி.யில் ஏ, பி வகைகளை மட்டும் மேற்பரப்பிலிருந்து இறக்கிவிட்டு, சி வகையைத் தொடாமல் விடுகிறது. டி செல்கள் பெரும்பாலும் பார்ப்பது முதல் இரண்டையும், என்.கே. செல்லை அடக்குவதில் முக்கியமானது சி. எவ்வளவு கணக்காக இருக்கிறது பாருங்கள்! சைட்டோமெகாலோ வைரஸோ யுஎல்18 என்ற போலி எம்.ஹெச்.சி.யையே தயாரிக்கிறது.

கட்டியின் கதை வேறு. வைரஸின் தந்திரங்கள் அதன் மரபணுவிலேயே வழிவழியாக வருபவை. கட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது, ஒவ்வொரு உடலிலும் புதிதாகத் தொடங்க வேண்டும். டி செல்லின் கண்ணில் பட்ட செல்கள் சாகின்றன, மாற்றத்தால் தப்பியவை பெருகுகின்றன. அவ்வளவுதான், திட்டமெல்லாம் இல்லை. சில கட்டிகள் எம்.ஹெச்.சி.க்குத் தேவையான பீட்டா-2 மைக்ரோகுளோபுலினை இழந்துவிடும். வேறு சில, துண்டுகளை மறைக்காமலே பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டும். அது டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தில் ஒட்டியதும் டி செல் சோர்ந்துவிடும். பிடி-1ஐக் கண்டறிந்த தசுகு ஹோஞ்சோவுக்கு 2018இல், ஜேம்ஸ் அலிசனுடன் சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

இந்தப் பிணைப்பைத் தடுக்கும் மருந்துகள் இப்போது புழக்கத்தில் உள்ளன. டி செல் பழையபடி எழுந்துவிடும், ஆனால் பார்ப்பதற்குத் துண்டு வேண்டுமே? மருந்துக்கு முதலில் கட்டுப்பட்டு, அப்புறம் மறுபடி வளர்ந்த மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றில், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் பழுதாகியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.