செவ்வாய்க்கிழமை ஒரு மேசை போடுங்கள்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாநகராட்சி உறுப்பினர்களே, பணி முடித்த கையோடு சீருடையுடனேயே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர் சகோதரிகளே, அங்கன்வாடிப் பணியாளர்களே, எல்லை தாண்டி பாகூரிலிருந்தும் கன்னியக்கோயிலிலிருந்தும் வந்திருக்கும் புதுச்சேரி நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நினைவுப் பரிசுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழப் பொட்டலம் கொடுத்த விழாக் குழுவினருக்குத் தனி வணக்கம். கர்ப்பிணிகளைப் பற்றிப் பேசும் மேடையில் இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது.

கணவனுக்கும் வேலை இல்லை, மனைவிக்கும் வேலை இல்லை, அவள் முழுகாமலும் இருக்கிறாள். அந்த வீட்டுக்கு அரசுப் பணம் எங்கிருந்தெல்லாம் வரும்? நான்கு செய்தி சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது தமிழ்நாட்டுத் திட்டம், இரண்டாவது புதுச்சேரிக்காரர்களுக்கு உள்ளது, மூன்றாவது வேலை போனபிறகும் கையில் நிற்கும் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு உரிமை, நான்காவது வேலையில்லாதவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகை.

முதல் செய்தி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது, இன்று 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் எல்லாம் அதற்குள் இருக்கும். ஏழைக் குடும்பமாக இருக்கவேண்டும், தாய்க்கு 19 வயது நிறைந்திருக்கவேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான் உண்டு. 2024 முதல் ரொக்கம் மூன்று தவணையாக வருகிறது. கர்ப்பத்தின் நாலாம் மாதத்தில் 6,000. அரசு மருத்துவமனையில் பிரசவமாகி, குழந்தையின் நாலாம் மாதத்தில், தடுப்பூசிகள் போட்டிருந்தால் 6,000. குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் 2,000.

நாள் தள்ளிப்போனதும் என்ன செய்யவேண்டும்? பன்னிரண்டு வாரம் முடிவதற்குள் உங்கள் பகுதி நர்சம்மாவிடம் போய் பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கவேண்டும். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, இருவர் ஆதார், ரேஷன் கார்டு, மனைவி பெயரில் தனிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம், எப்போதும் கையில் இருக்கும் போன் எண், இவ்வளவும் வேண்டும். கூட்டுக் கணக்கு கொடுக்காதீர்கள். 'வளைகாப்பு முடிந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று ஏழாம் மாதத்தில் போனால் முதல் தவணையும் முதல் பெட்டகமும் சிக்கலில் மாட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் பணம் வராத வீடுகள் இருக்கின்றன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே! இங்கே பூசாரி நர்சம்மா இல்லை, அதிகாரியும் இல்லை. வங்கிக் கணக்கோடு போட்டிருக்கும் ஆதார் முடிச்சுதான் பூசாரி.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டிப் பக்கம் பிறந்தவள், அரசுப் பள்ளியில் படித்தவள். விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். 2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது, மாதம் ஆயிரம் ரூபாய். கல்லூரிப் பக்கத்து வங்கியில் ஒரு கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்தாள். படிப்பு முடிந்தது, நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்த போன் எண் போய்ப் புது எண் வந்தது. மாமியார் கூட்டிப்போய் உள்ளூர் வங்கியில் புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார். மேசையில் கேட்டார்கள், ஆதார் நகல் கொடுத்தாள். நகல் கொடுத்தது வேறு, ஆதாரை இணைக்கச் சம்மதக் கையெழுத்துப் போடுவது வேறு. அது அவளுக்குத் தெரியாது. புது பாஸ்புக்கை நர்சம்மாவிடம் கொடுத்தாள். நாலாம் மாதம் வந்தது, பணம் வரவில்லை. கணவன் சிப்காட்டில் ஒப்பந்த வேலை இழந்தவன், வாராவாரம் பாஸ்புக்கை அச்சடித்துப் பார்க்கிறான். வட்டி மூன்று ரூபாய் ஏறியிருக்கிறது, வேறெதுவும் இல்லை. இரும்பு மாத்திரையோடு சாப்பிடச் சொன்ன பழத்துக்கும் முட்டைக்கும் கடன் வாங்குகிறான். மாமியார் நர்சம்மாவைச் சந்தேகப்படுகிறார், நர்சம்மா கணினியைக் காட்டுகிறார். அதில் 'செலுத்தப்பட்டது' என்று நிற்கிறது. எல்லோரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும், பாஸ்புக் எதைக் கொடுத்தாலும் சரி. ஆறாயிரம் ரூபாய் விழுப்புரத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, குறுஞ்செய்தியோ செத்துப்போன பழைய எண்ணுக்குப் போகிறது. சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி விழுப்புரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று உண்டு, எந்த வங்கி என்று அது காட்டிவிடும். மாற்றவேண்டுமானால் புது வங்கியில் ஆதார் இணைப்புச் சம்மதப் படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். இல்லையென்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள். தபால் வங்கிக் கணக்கைக் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து தொடங்கித் தருகிறார்கள்.

அதனால்தான் இந்த மேடையில் ஒரே கோரிக்கை வைக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனை நாள். வெயிட் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் தபால் வங்கிக்கு ஒரு மேசை போடுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தில் ஆதார் முடிச்சையும் பார்த்துவிடலாம். நர்சம்மாக்கள் தடுப்பூசி போடுவார்களா, வங்கிக்காரர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்களா?

புதுச்சேரி நண்பர்களுக்கு: நீங்கள் அங்கன்வாடி வழியாக பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் பதியவேண்டும். முதல் குழந்தைக்கு 5,000, அதில் 3,000 முதலில், 2,000 பிறகு. இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000. தாய்வீட்டுப் பிரசவத்துக்குப் பெண் கடலூர் வந்தாலும் பதிவைப் புதுச்சேரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு இந்தப் பக்கம் மாறாமல் தமிழ்நாட்டுப் பணத்தை எதிர்பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும். அங்கேயும் பூசாரி இதே ஆதார் முடிச்சுதான்.

ஈஎஸ்ஐ பற்றி: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் சந்தா கட்டியவருக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவ உரிமை உண்டு. அக்டோபரில் வேலை போனாலும் மனைவியின் பிரசவத்தை ஈஎஸ்ஐயில் பார்க்கலாம். கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகையைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400. பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்கவேண்டும், ஆகவே இன்று பதிந்தால் இந்தக் குழந்தைக்கு உதவாது. கர்ப்பம் என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பெண்களின் உரிமைக்குத் தனிக் கூட்டம் வேண்டும், தலைவர் அதற்கு நாள் குறிக்கவேண்டும்.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், பிக்மி எண் உள்ளவர்கள் அதையும் எழுதுங்கள். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிறோம். காலை ஒன்பதரைக்கு வாசலில் கூடுவோம். நன்றி, வணக்கம்.