பிழையோடு பிறந்த வெள்ளி நாணயங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வெள்ளி நாணயம் ஒன்றில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலோ, விளிம்பில் ஒரு துண்டு குறைந்திருந்தாலோ அதன் மதிப்பு கூடுமா, குறையுமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் குறை நாணயச்சாலைக்குள் நேர்ந்ததா, நாணயம் வெளியே வந்த பிறகு நேர்ந்ததா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். உள்ளே நேர்ந்தது பிழை; அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தரக்கூடும். வெளியே நேர்ந்தது வெறும் சேதம்.

பிழைகளில் அச்சிலேயே, அதாவது நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் கருவியிலேயே பிறந்தவை தனிச் சிறப்புடையவை. அமெரிக்காவின் 1942ஆம் ஆண்டுப் பத்து சென்ட் வெள்ளி நாணயங்கள் சிலவற்றில் ஆண்டின் கடைசி இலக்கமான 2க்கு அடியில் 1 தெரியும். அக்காலத்தில் எஃகு அச்சில் உருவம் முழுமையாகப் பதிவதற்கு, அச்சுகளை உருவாக்கப் பயன்படும் மூல அச்சை அதன்மேல் ஒரு முறைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. அப்படி அழுத்தும்போது முதலில் 1941க்கான மூலமும் பிறகு 1942க்கான மூலமும் ஒரே அச்சில் விழுந்துவிட்டன. பிலடெல்பியா, டென்வர் ஆகிய இரு நாணயச்சாலைகளின் நாணயங்களிலும் இந்தப் பிழை உண்டு. அச்சில் உள்ள பிழை, அந்த அச்சு அடித்த எல்லா நாணயங்களிலும் ஒரே வடிவில் வருவதால், அதைத் தனி வகையாகப் பட்டியலிடவும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடிகிறது. அதன் மதிப்பு நிலைத்து நிற்பதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

இரட்டையாகத் தெரியும் எழுத்தெல்லாம் இந்த வகை அல்ல. அடிக்கும் நேரத்தில் அச்சு சற்றே அதிர்ந்து நகர்ந்தாலும் எழுத்தின் ஓரம் இரட்டிக்கும். ஆனால் அது தட்டையாக, படிக்கட்டுபோல் நசுங்கியிருக்கும். அதற்குச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் கூடுதல் விலை தருவதில்லை. அச்சிலிருந்தே வந்த இரட்டிப்பு திரண்டு, புடைத்து நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இந்த வேறுபாட்டைக் காணப் பழகாமல் பெருந்தொகை கொடுத்து வாங்கவே கூடாது.

வில்லையில், அதாவது உருவம் பதிக்கப்படாத வெற்று வட்டத்தில் பிறக்கும் பிழைகளும் உண்டு. தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, வெட்டுங்கருவி ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் சற்று ஏறிவிட்டால், பிறைபோல் ஒரு பகுதி குறைந்த வில்லை கிடைக்கும். பிற்பாடு எவரேனும் அரத்தால் அராவி இதைப் போலியாகச் செய்வதுண்டு. ஆகவே குறைந்த இடத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பையும் பாருங்கள். விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் வில்லை இரு பக்கமும் அழுத்தப்படுகிறது. ஒரு பக்கம் வெள்ளி இல்லையென்றால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைப்பதில்லை. எனவே உண்மையான பிழை நாணயத்தில் எதிர் விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தவை ரோமானியக் குடியரசுக் காலத்து தெனாரியஸ் என்னும் வெள்ளி நாணயங்களில் காணப்படும் பிழைகள். கையால் சம்மட்டி கொண்டு அடித்த காலம் அது. அடித்த நாணயம் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒட்டிய நாணயமே மேல் அச்சாகிவிடுவதால் ஒரு பக்கம் தலை புடைப்பாகவும், மறுபக்கம் அதே தலை இடம் வலம் மாறிக் குழிவாகவும் பதியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் ஒரு கணம் அசந்ததை அந்தக் குழிவில் இன்றும் விரலால் தடவி உணரலாம்.

இத்தகைய நாணயம் கையில் கிடைத்தால், கறுத்திருக்கிறதே என்று தேய்த்துத் துலக்கிவிடாதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளிமீது படியும் அந்தக் கருமை தானாகப் படிந்தது. தேய்த்தால் மேற்பரப்பில் விழும் நுண்ணிய கீறல்களை எவராலும் திரும்ப மாற்ற முடியாது.