கெட்டுப்போக வேண்டிய செய்தி

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஊறுகாய் வருஷக்கணக்கில் கிடக்கும்; தேங்காய்ச் சட்னி மத்தியானத்தைத் தாண்டாது. நம் செல்களில், எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.விலும் இந்த இரண்டு ரகம் உண்டு. ரத்தச் சிவப்புக்கு வேண்டிய குளோபினின் செய்தி ஊறுகாய். வெள்ளணுக்கள் அழற்சியைக் கிளப்ப எழுதும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 என்ற புரதங்களின் செய்திகளெல்லாம் சட்னி. அவை சீக்கிரம் கெட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நம் உடம்பே நம்மைச் சுடும்.

கெடுவதற்கான உத்தரவு அந்தச் செய்தியின் வாலிலேயே இருக்கிறது. 1986இல் ஷா, கேமன் என்ற ஆய்வாளர்கள் அப்படி ஒரு வாலிலிருந்து 51 எழுத்துகளை எடுத்து முயலின் பீட்டா குளோபின் செய்தியில் ஒட்டினார்கள். ஊறுகாய் சட்னியாகிவிட்டது! எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. ஏ, யூ என்ற எழுத்துகள் நிறைந்த இந்த வாலைப் பிடித்து, செய்தியைச் சிதைக்கச் சொல்லும் புரதங்களில் ஒன்று டிரிஸ்டெட்ராப்ரோலின். 1996இல் அது இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன; அப்புறம் இளைத்து, மூட்டுகள் வீங்கின. கெடாத டி.என்.எஃப். செய்தி செய்த வேலை.

கிருமி நுழைந்தால் எம்.கே.2 என்ற நொதி டிரிஸ்டெட்ராப்ரோலினின் கையைக் கட்டிப்போடும்; செய்தி கெடாமல் நிற்கும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

சரி, வைரஸ் இங்கே என்ன செய்கிறது? கபோசி சர்கோமா என்ற புற்றுநோயைத் தரும் வைரஸ், பி செல்கள் என்ற வெள்ளணுக்களிலும் ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களிலும் குடியிருக்கும். அதன் கபோசின்-பி புரதம் எம்.கே.2-வைப் பிடித்துக்கொண்டு, அதை ஓயாமல் முடுக்கிவிடுகிறது என்று 2005இல் தெரியவந்தது. சட்னியை யாரோ ஃபிரிட்ஜில் வைத்த மாதிரி, இன்டர்லூகின்-6 செய்தி கெடாமல் தேங்குகிறது. அந்தச் செல்கள் வளரத் தேவையான தீனி அது.

எல்லா வைரஸும் செய்தியைக் காப்பாற்றுவதில்லை. வாய்ப்புண் தரும் ஹெர்பிஸ், வி.எச்.எஸ். என்ற கத்தரியைத் தன் துகளுக்குள்ளேயே சுமந்து வரும். நுழைந்ததும் செல்லின் செய்திகளை நறுக்கும். நோய் எதிர்ப்புக்கு முதலில் எச்சரிக்கை தரும் டென்ட்ரைட்டிக் செல்கள் விழித்துக்கொள்ளாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கபோசி வைரஸிடமும் ஒரு கத்தரி இருக்கிறது, பெயர் சாக்ஸ். பெருகும் கட்டத்தில் செல்லின் பெரும்பாலான செய்திகளை அது வெட்டிப்போடும். இன்டர்லூகின்-6 செய்தி மட்டும் அதற்குத் தப்பிவிடுகிறது.