மீன் கரைக்கு வந்த பிறகு

(பாம்பன் கடற்கரையில், மீன்பிடித் தடைக்கால மாலை ஒன்றில், படம் திரையிடுவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும், பின்னால் வத்தைப் படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. பகலில் இன்ஜின் வேலை, வலை வேலை. ராத்திரியில்தான் எல்லாரும் ஒன்றாக உட்கார முடிகிறது. இந்த நேரத்தில் கடல் படங்களாகப் பார்ப்போம் என்று தம்பிகள் முடிவெடுத்து, முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் படம் பார்த்தே வளர்ந்தவன். தமிழ், மலையாளம், இங்கிலீஷ், கீழே எழுத்து ஓடுகிற இத்தாலிப் படம், எது கிடைத்தாலும் பார்ப்பேன். கடல் வருகிற படம் என்றால் விடவே மாட்டேன்.

பார்த்துப் பார்த்து எனக்கென்று ஓர் அளவுகோல் அமைந்துவிட்டது. மீன் கரைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்று அந்தப் படம் காட்டுகிறதா? இதைத்தான் முதலில் பார்ப்பேன். புயலையும் பெரிய அலையையும் காட்டப் பணம் இருந்தால் போதும். தண்ணீர்த் தொட்டி கட்டலாம், கம்ப்யூட்டரில் வரையலாம். ஏலத்தைக் காட்ட வேண்டுமானால் அந்த ஊரில் தங்கியிருந்து, விடியக்காலையில் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் அம்மா நண்டு வாங்கி விற்றவர். இருட்டோடு இருட்டாக அவர் பின்னால் கரைக்குப் போவேன். வலையில் சிக்கின நண்டைக் கால் ஒடியாமல் கழற்றி எடுப்பார்கள். ஒடிந்தது தனியாக ஒரு குவியல், அதற்கு விலை இறங்கிவிடும். ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கின படகு என்றால் அங்கே ஏலமே கிடையாது. வியாபாரியின் ஆள் வருவார், எடை போடுவார், அவர் சொன்னதுதான் விலை. தராசு ஆடி நிற்பதற்குள் நோட்டில் எழுதிவிடுவார். படகுக்காரர் வாய் திறக்க மாட்டார், வலை வாங்கின கடன் அதே நோட்டில் முந்தின பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கச்சான் காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனுஷன் அந்த அரை நிமிஷத்தில் சுருங்கி நிற்பார். கடல் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய நாடகம் அதுதான்.

அந்த அரை நிமிஷத்தை எனக்கு முதன்முதலில் திரையில் காட்டியவர் லுக்கினோ விஸ்கோன்தி. மிலான் நகரத்துப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில் ஆச்சி த்ரெட்சா என்ற மீனவ ஊருக்குப் போய், அந்த ஊர் ஆட்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேசுகிற பேச்சையே பேச வைத்து, 1948-இல் 'லா தெர்ரா த்ரேமா' என்ற படத்தை எடுத்தார். அந்தப் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது, அதனால் பின்னணியில் ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே போகும். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் தமிழ்ப் படங்களில் ராமநாதபுரத்துக் கரைப் பேச்சை யார் பேசிக் கேட்டிருக்கிறோம்? மீனவர் என்றாலே ஒரு பொதுப் பேச்சு வைத்திருக்கிறார்கள். தொண்டிக்கும் அதுதான், கீழக்கரைக்கும் அதுதான், காசிமேட்டுக்கும் அதுதான்.

கதை இதுதான். விளக்குப் படகுகள் விடியும்போது கரைக்கு வருகின்றன. மொத்த வியாபாரிகள் ஏற்கெனவே வந்து நிற்கிறார்கள். கத்தல், பேரம், தரகு. 'ந்தோனி என்ற இளைஞனுக்குப் பொறுக்கவில்லை. அவனும் கூட்டாளிகளும் வியாபாரிகளின் தராசுகளைப் பிடுங்கிக் கடலில் எறிகிறார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. வியாபாரிகளே வந்து வெளியே எடுக்கிறார்கள், ஆள் இல்லாவிட்டால் மீன் பிடிப்பது யார்? பிறகு 'ந்தோனி வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். உப்பு வாங்கி நெத்திலி வகை மீனைப் பீப்பாயில் அடுக்குகிறது குடும்பம். வீடே சிரிக்கிறது. கடன் அடைய வேண்டுமே என்று மோசமான வானிலையில் கடலுக்குப் போகிறான், படகு உடைகிறது. உப்புப் போட்ட மீனை அதே வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

இதில் புயலை விஸ்கோன்தி பெரிதாகக் காட்டவே இல்லை. கறுப்புச் சால்வை போர்த்திய பெண்கள் பாறைமேல் நின்று கடலைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கூட்டத்தில் அப்படி நின்ற அக்காமார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

மேற்கத்தியப் படம்தான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் கடலைப் பொய்யாகக் காட்டினவர்கள் உண்டு. 1934-இல் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி அயர்லாந்துப் பக்கத்து ஆரன் தீவுகளுக்குப் போய் 'மேன் ஆஃப் ஆரன்' எடுத்தார். ஆவணப்படம் என்று உலகமே கொண்டாடியது. அதில் வருகிற அந்தச் சுறா வேட்டையை அந்தத் தீவுக்காரர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள். படத்துக்காகத் திரும்பக் கற்றுக்கொண்டு செய்து காட்டினார்கள். கொந்தளிப்பில் படகை இறக்கச் சொல்லி அவர்கள் உயிரோடும் விளையாடினார். படங்களின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீவில் அன்றைக்கு உண்மையாக நடந்துகொண்டிருந்த பிழைப்பு அவருக்கு அழகாகப் படவில்லை போலிருக்கிறது, அது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். 'செம்மீன்', 1965, ராமு காரியாத் எடுத்த மலையாளப் படம், தகழியின் நாவல். தென்னிந்தியாவிலிருந்து ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கின முதல் படம். சலில் சௌத்ரியின் இசை, மார்கஸ் பார்ட்லியின் கேமரா. பார்த்த எல்லாரும் என்ன சொல்வார்கள்? கறுத்தம்மாவும் பரீக்குட்டியும், காதல், கடல் தாயின் சாபம், மனைவி கற்போடு இருந்தால்தான் கடலுக்குப் போனவன் திரும்புவான் என்ற நம்பிக்கை. ஐம்பது அறுபது வருஷமாக இதையே பேசுகிறார்கள். நான் அந்தப் படத்தை வேறு மாதிரி பார்க்கிறேன். கறுத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு படகும் வலையும் வாங்க, மீன் வியாபாரியான பரீக்குட்டியிடம் கடன் வாங்குகிறார். மீனை உனக்கே தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். மீன் நிறைய விழுந்ததும் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்கிறார், கடனையும் திருப்பித் தரவில்லை. அங்கேதான் எல்லாம் கெடுகிறது. பரீக்குட்டி ஓட்டாண்டியாகிறான், கறுத்தம்மாவின் அம்மா சக்கி மனசு நொந்து சாகிறாள், கறுத்தம்மா அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டே இன்னொரு வீட்டுக்குப் போகிறாள். முன்பணம் வாங்கிவிட்டு மீனை வேறு ஆளுக்குப் போட்ட கதை அது. நம் கரையில் எத்தனை வழக்கு இதனால் வந்திருக்கிறது என்று பஞ்சாயத்துப் பேசின பெரியவர்களைக் கேளுங்கள்.

அந்தக் கற்பு நம்பிக்கையை நான் ஏற்றுக்கொள்வதில்லை, மேடையிலேயே சொல்கிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நம் வீட்டுப் பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்த்து எடுக்கிறார்கள். அவர்கள் கடலில் இருக்கும்போது கரையில் யார் கற்போடு இருக்க வேண்டும்? கடலுக்குப் போகிற பெண்ணை நாயகியாக வைத்து ஒரு முழுப் படம் நம் கரையிலிருந்து வரவேண்டும். அதைப் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று ஆசையாக இருக்கிறது.

'செம்மீனு'க்கு முந்தின வருஷம், 1964 தீபாவளிக்கு, 'படகோட்டி' வந்தது. படித்தவர்கள் சிலர் அதை எம்.ஜி.ஆர். படம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மேக்கப்பும் கலர் உடுப்பும் மீனவனுடையது இல்லைதான். ஆனால் கதையைப் பாருங்கள்: இரண்டு குப்பங்களை மோதவிட்டு, அந்தச் சண்டையில் காசு பார்க்கிற ஒரு பெரிய மனிதர். மீனவனுக்கு எதிரி கடலில் இல்லை, கரையில் வெள்ளை வேட்டியோடு நிற்கிறான் என்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு டென்ட் கொட்டகையிலும் சொன்ன படம் அது. விஸ்கோன்தியைப் பார்த்தவர் ஆயிரத்தில் ஒருவர், 'படகோட்டி'யைப் பார்க்காத வீடு இந்தக் கரையில் இல்லை. வாலி எழுதி டி.எம்.சௌந்தரராஜன் பாடின அந்தப் படகுப் பாட்டை இன்றைக்கும் வலை இழுக்கும்போது முனகுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ் படம் நிறையப் பார்க்கிற தம்பிகள் 'நம் படத்தில் எதற்கு அண்ணே பாட்டு' என்று கேட்கிறார்கள். கடல் படத்தில் பாட்டு இல்லாவிட்டால்தான் தப்பு. கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடாமல் கை சேர்ந்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். சோர்வுக்கு மருந்தும் அதுதான், அடுத்த இழுவைக்குக் கணக்கும் அதுதான். நம் படங்களின் குறை, அந்தப் பாட்டை வேலையிலிருந்து பிடுங்கிக் காதலுக்கு மட்டும் கொடுத்துவிட்டதுதான். 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீல்பெர்க், 1975. சுறாவைத் தேடிப் போன மூன்று பேர் ராத்திரியில் படகு அறைக்குள் உட்கார்ந்து, குடித்து, தழும்புகளைக் காட்டி, மேசையைத் தட்டி வீட்டுக்குப் போகும் வழி கேட்டுப் பாடுவார்கள். சரியாக அந்த நேரத்தில் சுறா படகை முட்டும். நம் படத்தில் பாட்டு எங்கே வருமோ அங்கேதான் அங்கேயும் வந்திருக்கிறது!

'ஜாஸ்' செய்நேர்த்தியில் என்னை மயக்கின படம். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் ஓயாமல் பழுதானது, 55 நாளில் முடிக்க வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறாவைக் காட்ட முடியாததால் மஞ்சள் பீப்பாய்களைக் காட்டினார்கள். ஈட்டியோடு கட்டின பீப்பாய் தண்ணீர்மேல் ஓடும், நிற்கும், திரும்பும், சட்டென்று உள்ளே போகும். மிதவையைப் பார்த்தே கீழே என்ன நடக்கிறதென்று கண்டுபிடிக்கிற நமக்கு அந்தக் காட்சி தனியாகப் புரியும். அப்படியும் அது குளிக்க வந்தவர்களின் பயம். நாம் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா ஆக்கிக் கொடுக்கிற ஊர். அந்த நாவலை எழுதின பீட்டர் பெஞ்ச்லியே பின்னாளில் சுறாக்களைக் காப்பாற்றப் பேசியும் எழுதியும் வந்தார்.

சமீபத்தில் என் அளவுகோலுக்கு முழுசாக நின்ற அமெரிக்கப் படம் 'கோடா', 2021. அமெரிக்காவின் கிழக்குக் கரை, க்ளாஸ்டர் என்ற மீன்பிடி ஊர். அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது, மகள் ரூபிக்கு மட்டும் கேட்கும். அப்பாவும் பிள்ளைகளும் படகில் போகிறார்கள். கரைக்கு வந்ததும் வாங்குகிறவன் அடிமாட்டு விலை சொல்கிறான். அந்த விலையை அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவள் பள்ளிக்கூடம் போகிற அந்தப் பெண். அவள் முகத்தைப் பாருங்கள்! கெட்ட செய்தியை வீட்டுக்குக் கொண்டுவருகிற பிள்ளைகளின் முகம் அது. பிறகு ஒரு கூட்டத்தில் அப்பா எழுந்து சைகையில் பேசுகிறார், மகள் அதைக் குரலாக்குகிறாள், இனி எங்கள் மீனை நாங்களே விற்போம் என்கிறார்கள். அப்பாவாக நடித்த ட்ராய் காட்ஸருக்கு நிஜத்திலேயே காது கேட்காது. நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கின, காது கேளாத முதல் ஆண் அவர். படத்துக்கும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. எல்லாரும் ரூபியின் பாட்டைக் கொண்டாடினார்கள். எனக்கு அந்தத் துறைமுகக் கூட்டம்தான் மனசில் நிற்கிறது.

நமக்கென்று இருக்கிற ஒன்று அந்தப் படங்களில் இல்லை. கடலில் ஒரு கோடு. 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்கள் வரைந்த கோடு. அதைத் தொட்டுப் பேசின தமிழ்ப் படங்களில் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை'யை, 2012, நான் மதிக்கிறேன். கடலில் சுட்டுக் கொல்லப்பட்ட புருஷனின் உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டு, வருஷக்கணக்காக வெளியே சொல்லாமல் வாழ்கிறாள் எஸ்தர். வயதான எஸ்தராக நந்திதா தாஸ். நீதிமன்றத்தில் அவர் பேசுகிற இடத்தில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். படம் நடுவில் தளர்கிறது, காதல் பகுதி நீளம். இருக்கட்டும். அந்தச் சோகத்தைத் தன் சோகமாக நினைத்து எடுத்திருக்கிறார்.

ஆனால் சினிமாக்காரர்கள் நம் பக்கம் பெரும்பாலும் எதற்கு வருகிறார்கள்? பாம்பன் பாலத்துக்கும் தனுஷ்கோடிக்கும். இடிந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் நாயகனும் நாயகியும் ஓடுவார்கள், மேலே கேமரா பறக்கும், கிளம்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அந்த ஊரைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு போனது. அப்போது இங்கே இருந்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 'டைட்டானிக்'கில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் பூட்டின கம்பிக் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கு அந்த ரயில்தான் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கப்பலுக்கு ஒரு பெரிய இயக்குநர் வருஷக்கணக்கில் உழைத்தார். நம் ரயிலுக்கு அந்த உழைப்பு வேண்டும். தம்பிகளே, பெரியவர்கள் சொல்வதை இப்போதே போனில் பதிவு செய்யுங்கள். யார் எந்தப் பெட்டியில் இருந்தார், விடிந்ததும் யார் யாரைத் தேடினார், எல்லாவற்றையும் கேளுங்கள். என்றைக்கோ ஒருவர் உண்மையாகப் படம் எடுக்க வந்தால் அவர் கையில் கொடுக்க நம்மிடம் சரக்கு இருக்க வேண்டும்.

இன்றைக்குப் போடப்போவது விஸ்கோன்தியின் படம்தான். கறுப்பு வெள்ளை, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். எழுத்து இங்கிலீஷில் வரும், படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கிற அத்தைக்கும் அப்பச்சிக்கும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பேசக் கூடாது என்று யாரும் அதட்ட வேண்டாம். வியாபாரி விலை சொல்லும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சத்தமாகவே சொல்லுங்கள், அந்தச் சிசிலிக்காரர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சரி தம்பி, விளக்கை அணைக்கலாம். ஜெனரேட்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.