கப்பியில் நில்லாத கயிறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முழங்காலில் கோளாறு இருக்கிறது என்று தெரிந்தே ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரலாமா, வேண்டாமா? இதைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. 32 வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். போன வருடம் ஆவணியில் பத்து நாள் இந்தக் கேள்வியோடு எழுந்து, இந்தக் கேள்வியோடு படுத்தேன். அந்தப் பத்து நாளைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் என் மைனி வீடு. அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வெள்ளைப் பொமரேனியன் நாலு குட்டி போட்டிருந்தது. மூன்றை ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். நாலாவதை வாங்கிப் போனவர்கள் இரண்டே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். "ஞொண்டிக் குட்டியை எங்க தலையில கட்டிட்டீங்களே" என்று சத்தம் வேறு. நான் பார்க்கப் போனபோது அதற்கு மூன்றரை மாதம். முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு அடி நன்றாக ஓடும். திடீரென்று இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் இரண்டு துள்ளு துள்ளும். அப்புறம் அந்தக் காலைப் பின்பக்கமாக ஒரு உதறு. உடனே மறுபடி நாலு காலில் ஓட்டம். வலிக்கிற மாதிரியே தெரியவில்லை. என் சேலை முந்தியைக் கடித்து இழுத்து விளையாடியது.

அந்தத் துள்ளலும் உதறலும்தான் இந்தக் கோளாறின் அடையாளம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம் வீட்டுக் கிணற்றுக் கப்பியை வைத்துச் சொல்லிவிடலாம். கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுகிறது இல்லையா? நாயின் தொடை எலும்பு கீழே முடிகிற இடத்திலும் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. தொடைத் தசையிலிருந்து இறங்கும் தசைநார் அந்தப் பள்ளத்தின் வழியாக ஓடி, முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் போய்ச் சேர்கிறது. அந்தக் கயிற்றின் நடுவில் பதிந்திருக்கும் சின்ன எலும்புதான் முட்டுச் சிரட்டை. கப்பியின் பள்ளம் ஆழமில்லாமல் தேய்ந்திருந்தால் கயிறு வெளியே நழுவும். கயிற்றைக் கட்டிய இடம் ஒரு பக்கமாக விலகியிருந்தாலும், இழுக்க இழுக்கக் கோணலாகப் போய் நழுவும். பொமரேனியன், பக், சிவாவா, குட்டி பூடில் போன்ற சிறிய இனங்களில் பெரும்பாலும் பிறவி அமைப்பிலேயே இந்தக் குறைகள் வந்துவிடுகின்றன. வளர வளரச் சிரட்டை உள்பக்கமாக நழுவத் தொடங்கும். காலை நீட்டி உதறும்போது அது மறுபடி பள்ளத்துக்குள் வந்து விழுகிறது.

நம் மாவட்டத்தில் மூட்டு என்றாலே முதலில் நினைவுக்கு வருகிறவர் எண்ணெய் போட்டு உருவிவிடும் வர்ம வைத்தியரான ஆசான்தான். மைனி வீட்டிலும் "ஒரு ஆசானிட்ட காட்டி எண்ணெய் போட்டு உருவினா சரியாயிரும்" என்றார்கள். எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான ஒரு ஆசானிடம் குட்டியைக் கொண்டுபோனேன். அவர் இரண்டு விரலால் முட்டியைத் தொட்டு, மடக்கி நீட்டிப் பார்த்தார். "இது சுளுக்கு இல்ல டீச்சர். குழி ஆழமில்ல. உருவினா சரியாகிற காரியம் இல்ல, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். தன் கைக்கு எட்டாததை எட்டாது என்று சொன்ன அந்த மனிதரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா குட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை நீட்டி, பெருவிரலால் சிரட்டையை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். வலது காலில் தள்ளினால் நழுவியது, விரலை எடுத்ததும் தானாகத் திரும்பியது. இந்தக் கோளாறின் நாலு நிலைகளில் அது முதல் நிலை. இடது காலில் நடக்கும்போதே தானாக நழுவுகிறது, காலை நீட்டினால் திரும்புகிறது. அது இரண்டாம் நிலை. மூன்றாம் நிலையில் சிரட்டை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும், கையால் உள்ளே வைத்தாலும் நிற்காது. நாலாம் நிலையில் கையால்கூட உள்ளே கொண்டுவர முடியாது. இந்த நிலையைக் கண்டுபிடிப்பது முக்கியமாகக் கைதான் என்றும், எலும்பின் வளைவையும் தேய்மானத்தையும் பார்க்கத்தான் எக்ஸ்ரே என்றும் அவர் சொன்னார். இடுப்பு மூட்டையும் சேர்த்துப் பார்த்தார். சிறிய இனங்களில் தொடை எலும்பின் தலை கெட்டுப்போகிற நோய் ஒன்று உண்டு, அதுவும் நொண்ட வைக்கும். நல்லவேளை, இதற்கு அது இல்லை.

நேயர்களே, நீங்களும் இந்தக் கேள்வியோடு இருந்தால், "முட்டியில் கோளாறு" என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள். எந்தக் கால், எத்தனையாவது நிலை என்று கேளுங்கள். முதல் நிலையில் பல நாய்கள் அறுவை சிகிச்சை இல்லாமலே வாழ்நாளை நன்றாகக் கழித்துவிடுகின்றன. இரண்டாம் நிலையில் வலியும் நொண்டலும் எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவு. மூன்றும் நாலும் என்றால் பொதுவாக அறுவை சிகிச்சையைத்தான் சொல்வார்கள். வளரும் குட்டிக்கு அப்படி இருந்தால் கால் எலும்பே கோணிக்கொண்டு வளரலாம், தள்ளிப்போட முடியாது. அறுவை சிகிச்சையும் கப்பிக் கணக்குதான். பள்ளத்தை ஆழப்படுத்துவார்கள், கயிறு சேர்கிற எலும்பு முனையை நேர்கோட்டுக்கு நகர்த்திப் பொருத்துவார்கள். அதற்குப் பின் 6 முதல் 8 வாரம் குதிக்கவோ ஓடவோ விடாமல் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். செலவைக் கேட்கும்போது இந்த வாரங்களையும் சேர்த்து எண்ணுங்கள். பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிற வீட்டில் பணம் இருந்தாலும் இது நடக்காது.

என் குட்டிக்கு அறுவை உடனே வேண்டாம், பிற்பாடு வேண்டிவரலாம் என்றார் டாக்டரம்மா. அதாவது, வராமலும் போகலாம். அந்த "லாம்"தான் பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

பாவமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் பாவம் பார்த்து எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் வாங்கிப் போனவர்களும் ஆசையோடுதானே தூக்கிப் போயிருப்பார்கள்? அந்தக் குட்டி ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை அதைத் திருப்பி அனுப்புகிற ஆளாக நான் ஆகிவிடக் கூடாது.

என் வீட்டுக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது பதினாலு வருஷம் இருக்கும். நாம?" எனக்கு 62, அவருக்கு 66. பொமரேனியன் 12 முதல் 16 வருடம்வரை வாழக்கூடியது. நாயின் முட்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான் இதை யோசிக்கவே இல்லை. அன்று ராத்திரி நாகர்கோவிலில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன். "எங்களுக்கு முடியாமல் போனால் நீ எடுத்துக்கொள்வாயா? உடனே பதில் சொல்லாதே, மாப்பிள்ளையிடமும் கேள்" என்றேன். நாலு நாள் கழித்துத்தான் சரி என்றாள். அவள் யோசித்துச் சொன்னதால்தான் எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை வந்தது.

அடுத்து பணம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012 இல் தொடங்கியது. நம் மேற்குப் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் இன்னும் கிட்ட. எங்கே போனாலும் எக்ஸ்ரே படம், மயக்க மருந்து, அறுவை, தங்கும் நாட்கள், பிறகு போட வேண்டிய மருந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காலுக்கா, இரண்டு காலுக்கா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இந்தக் கோளாறு இரண்டு காலிலும் இருப்பது சாதாரணம். நான் அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி., அதாவது தொடர் வைப்புக் கணக்கு, தொடங்கினேன். வருடத்துக்கு 12,000. அதை வேறு எதற்கும் தொடுவதில்லை.

அப்புறம் வீடு. எங்கள் வீடு முழுக்க வழுவழுப்பான டைல்ஸ். இந்தக் கால்களுக்கு அதைவிடக் கெட்ட தரை கிடையாது. வழுக்காமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் கால் கோணும். நாய் நடமாடும் வழியெல்லாம் தும்பு மிதியடியும் ரப்பர் பாயும் போட்டோம். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊர் வெளிப்படிகளில் பாசி பிடிக்கும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். திண்ணையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்காமல் தூக்கி இறக்க வேண்டும். பாதத்தின் அடியில் விரல்களுக்கு இடையே வளரும் முடியை வெட்டிவிட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும். இவ்வளவும் செய்ய முடியுமா என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பத்தாவது நாள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். பஞ்சு என்று பெயர் வைத்தோம்.

நான் படுகிற பெரிய பாடு தீனி விஷயத்தில்தான். வருகிறவர்கள் எல்லாரும் பாசத்தில் மரச்சீனிக் கிழங்கைக் கொடுக்கிறார்கள், ஏத்தங்காய்ச் சிப்ஸைக் கொடுக்கிறார்கள். 4 கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடுவது 64 கிலோ ஆளுக்கு 8 கிலோ கூடுவதற்குச் சமம். அந்தப் பாரம் முழுவதும் நழுவுகிற முட்டியின் மேல்தான் இறங்கும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும், கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். முள் எடுத்த சாளை மீனை அவித்துச் சோறோடு கொடுக்கிறேன், அளந்துதான். குழம்பு ஊற்றுவதில்லை, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நொண்டுகிறதே என்று நமக்கு வாங்கிவைத்த வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாக முடியும்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பஞ்சுவின் தாயும் அதே மாதிரி துள்ளித் துள்ளித்தான் நடந்தது. அந்த வீட்டில் அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், "அதுக்கு அப்படியொரு பழக்கம்" என்று விட்டிருக்கிறார்கள். இது பரம்பரையாக இறங்குகிற குறை. இந்தக் குறை உள்ள நாயை இணை சேர்க்கக் கூடாது. குட்டியை 40 நாளில் தாயிடமிருந்து பிரித்தும் கொடுத்திருக்கிறார்கள். 2017 இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு விதிகள் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நான் போய்ச் சண்டை போடவில்லை. தாய்க்குக் கருத்தடை அறுவை செய்யச் சொன்னேன், கூடவே போய்ச் செய்துகொண்டும் வந்தேன்.

எங்கள் வீட்டுச் சூழ்நிலையில்கூட, பஞ்சுவின் கால் மூன்றாம் நிலையிலோ நாலாம் நிலையிலோ இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆர்.டி. போட்டுச் சேர்க்கும்வரை அந்தக் கால் காத்திருக்காது. அப்படி வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் கூசாமல் சொல்லுங்கள். குட்டியை வைத்திருப்பவரிடம் நிலையைத் தெளிவாகச் சொல்லி, அறுவைச் செலவில் ஒரு பங்கு கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

மாசி மாதம் டாக்டரம்மா மறுபடி பார்த்தார். இடது கால் இரண்டாம் நிலையிலேயே நிற்கிறது, வலது கால் முதல் நிலையில். தசை நன்றாக ஏறியிருக்கிறது என்றார். தினமும் காலையில் ரப்பர் தோட்டத்துப் பாதையில் மெதுவாக நடத்திக் கூட்டிப்போகிறோம், அதனால்தான். என்றைக்காவது பின்னங்காலை ஊன்றாமலே நின்றுவிட்டால், முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் வேறொரு நார் அறுந்திருக்கலாம், அன்றைக்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். அஞ்சலகத்தில் போடுகிற பணத்தை இன்னும் நிறுத்தவில்லை.

நன்றி. வணக்கம்.